பதிந்த கூரையின் கீழ் மாதா

வர்ணம் கரைக்கிற தின்னர்ப் போத்தலும் மெழுகுதிரியும் ஒரே அறைக்குள் இருக்கக் கூடாது. இதைத் தெரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு ஒன்றும் தேவையில்லை. ஆனால் குருநகரின் கடற்கரை ஒழுங்கைப் பெண்களுக்கு இதை விளங்கப்படுத்த ஜெயனிக்கு மூன்று கிழமை போதவில்லை.

அந்த ஒடுக்கமான ஒழுங்கையின் முடிவில் இருக்கிற சின்ன மாதா கோவிலின் சுருவம், வர்ணம் பூசுவதற்காக அவளுடைய வீட்டு முன்னறைக்கு வந்து மூன்று கிழமை ஆகியிருந்தது. நாலடி உயர மரச் சுருவம். உப்புக்காற்றில் வர்ணம் பொருக்குப் பொருக்காகக் கழன்று, சால்வையின் நீலம் எது, மரத்தின் பழுப்பு எது என்று தெரியாத நிலையில் வந்தது. வந்தது வேலைக்குத்தான். ஆனால் மாதா ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டால், இது வேலைக்கு வந்த மாதா, இது கும்பிட வந்த மாதா என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? சமையலை முடித்த கையோடு பெண்கள் செபமாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலிப் படலையில் செருப்பைக் கழற்றினார்கள். ஈரம் காயாத சால்வையை முத்தமிட்டு நீல உதட்டோடு வீட்டுக்குப் போனவர்களும் உண்டு. போகும்போது, பாதத்தில் இன்னும் ஒரு பூச்சுப் போட வேண்டும் என்று வேலையும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வீட்டில் இரண்டே பேர், ஜெயனியும் கணவன் எமில்ராஜும். மாதா வந்த நாளிலிருந்து இரண்டு பேரும் தங்கள் வீட்டிலேயே விருந்தாளிகளானார்கள். மாதாவுக்கு முன்னால் கால் நீட்டிப் படுக்க முடியாதென்று காற்று வரும் முன்னறையை விட்டுப் பின்னறைக்குள் புழுங்கிக் கிடந்தார்கள். எமில்ராஜ் நண்டுக் கூடையை முன்வாசலால் கொண்டுவருவதை நிறுத்திவிட்டு வேலியைச் சுற்றி வந்தான். பீடியும் வேலிக்கு வெளியே போனது.

அந்த முன்னறை ஜெயனிக்குச் சும்மா கிடைத்த அறையல்ல. கல்யாணமாகி வந்தபோது அது வலைகளின் அறை. தரையிலிருந்து கூரை வரை வலை, மிதவை, கழற்றிய எஞ்சின், எண்ணெய்க் கான். முதலில் எமில்ராஜின் படகுக்கு அவளே பெயர் எழுதினாள். எழுத்தைப் பார்த்துவிட்டு அடுத்த படகுக்காரன் கேட்டான். பிறகு எழுத்தோடு ஒரு அந்தோனியார், ஒரு மீன், ஒரு நட்சத்திரம் என்று கேட்கத் தொடங்கினார்கள். படகின் முகப்பில் வெயிலில் நின்று எழுதிவிடலாம். பலகையிலும் துணியிலும் வரைவதற்கு நிழல் வேண்டும். அவள் ஒரு மூலையைக் கேட்டாள். மூலை கிடைத்ததும் யன்னலோரத்தைக் கேட்டாள். பதின்மூன்று வருடத்தில் வலை முழுவதும் பின்பக்கக் கொட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தது. எமில்ராஜ் ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். மழைக்காலத்தில் முணுமுணுத்தான். ஆனால் வலையைத் தானே தூக்கிக்கொண்டு போனான்.

மாதா திருநாளின் கொடியேற்றம் வெள்ளிக்கிழமை மாலை. முன்பெல்லாம் சுருவ வேலைக்கு நீர்கொழும்பிலிருந்து ஆள் வரும். இந்த முறை புதிதாக வந்த பங்குச் சுவாமி, படகுகளில் ஜெயனியின் கைவேலையைப் பார்த்துவிட்டு, ஊரிலேயே ஆள் இருக்கும்போது எதற்கு வெளியே போவது என்று கேட்டுவிட்டார். கோவில் காரியங்களைப் பார்க்கும் மூப்பர் சிமியோனுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். படகில் பெயர் எழுதுகிறவளிடம், அதுவும் சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்புகிற வீட்டுக்குள், மாதாவை விடுவதா என்று அவர் போகும் இடமெல்லாம் கேட்டார். முகம் சரியாக வந்தால் ஜெயனியின் அறை வேலைத்தலமாக ஊரில் நிலைக்கும். பிழைத்தால், வலைகள் திரும்பி வந்துவிடும். இது அவளுக்கும் தெரியும், எமில்ராஜுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

இரண்டாம் கிழமையிலேயே அவள் ஒரு சட்டம் போட்டிருந்தாள். செபம் உள்ளே, திரி வெளியே வாசற்படியில். மாதாவை இருட்டுக்குள் வைத்திருக்கிறாள் என்று ஒழுங்கை முழுக்கப் புறுபுறுத்தது. ஜெயனி அசையவில்லை.

அந்தப் புறுபுறுப்பில் சேராத ஒருத்தர் பெர்னடெட் மாமி. நாலு வீடு தள்ளி இருப்பவர். அவருடைய மகன் லோஜன் பதினொரு வருடத்துக்கு முன் கடலில் தடி நட்டுக் கட்டிய சிறகுவலைப் பக்கம் போன படகோடு திரும்பி வரவில்லை. படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. ஆகவே மாமி அவனுக்காக மரித்தோர் பூசையும் கொடுக்கவில்லை. நாள்தோறும் ஒரு திரி கொளுத்துவார். கடலுக்குப் போனவனுக்காகக் கொளுத்திய திரி தானாக எரிந்து முடிய வேண்டும், காற்று அணைக்கக் கூடாது என்பது இந்த ஒழுங்கையில் பழகிப்போன எண்ணம். அதனால் மாமி திரி முடியும் வரைக்கும் பக்கத்தில் குந்தியிருப்பார். ஒரு சொல் கதைக்க மாட்டார். சட்டம் வந்த நாளிலிருந்து வாசற்படியில் காற்றைக் கையால் மறைத்தபடி இருந்தார்.

புதன்கிழமை காலை சோளகக் காற்று பிடித்து ஆட்டியது. மாதாவின் முகம் முந்திய நாள்தான் முடிந்திருந்தது. ஜெயனி பின்பக்கக் கிணற்றடியில் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள். முன்னறையில், சுருவத்துக்குப் பக்கத்து முக்காலியில், தின்னரில் ஊறிய பழந்துணி கிடந்தது. அதை எடுத்து வெளியே போடாமல் வந்தது அவளுடைய பிழை. போத்தலை மூடி அலுமாரிக்குள் வைத்த கைக்குத் துணியை எடுக்கத் தோன்றவில்லை.

முதலில் மணம்தான் வந்தது. பிறகு உள்ளே பொத்தென்று ஒரு சத்தம். அவள் ஓடி வந்தபோது முக்காலி எரிந்துகொண்டிருந்தது. சுவாலை மாதாவின் இடக் கன்னத்தை நக்கிக்கொண்டு மேலே போனது. சுவரோரமாகப் பெர்னடெட் மாமி நின்றார். கையில் நெருப்புப்பெட்டி. வாசலில் மூன்று முறை அணைந்த திரியை உள்ளே கொண்டுவந்து, முக்காலியின் விளிம்பில் வைத்திருக்கிறார். ஜெயனி வாசலில் கிடந்த சாக்கைக் கிணற்றடி வாளிக்குள் அமுக்கி எடுத்து வந்து மாதாவின் தலையோடு போட்டு அணைத்தாள். இன்னொரு வாளித் தண்ணீர் முக்காலிக்கு. முழுவதும் நடந்து முடிய ஒரு நிமிடம்கூட ஆகியிராது.

சாக்கை விலக்கினாள். இடது கண்ணும் கன்னமும் கொப்புளித்துக் கறுத்துக் கிடந்தன. வலப்பக்கம் புகை மூடியிருந்தது. திரும்பிப் பார்த்தபோது மாமி இல்லை. படலை மட்டும் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஜெயனி ஈரத் தரையில் இருந்து அழுதாள். மாமியை வாய்க்கு வந்தபடி திட்டி அழுதாள். மகனை இழந்த மனுசி என்பதெல்லாம் அந்த நேரம் அவளுக்கு ஞாபகம் வரவில்லை.

புகையைக் கண்டு மூப்பர் சிமியோன் வந்து நின்றார். முகத்தைப் பார்த்தார், எரிந்த முக்காலியைப் பார்த்தார், முக்காலியில் உருகிப் பரவியிருந்த மெழுகைப் பார்த்தார்.

“ஆர் திரி கொளுத்தினது?”

ஜெயனியின் நாக்கு நுனியில் பெயர் நின்றது. சொன்னால் அவள் தப்பிவிடுவாள். ஆனால் நாளைக்கே பெர்னடெட் மாமி கோவில் வாசலில் தலைநிமிர்ந்து ஏற முடியாது. மாதாவை எரித்தவள் என்ற பெயர் இந்த ஒழுங்கையில் ஒருவர் செத்த பிறகும் உயிரோடு இருக்கும். அவளுக்கு மாமியில் இருந்த கோபம் கொஞ்சமல்ல. ஆனால் அவ்வளவு பெரிய தண்டனையைக் கொடுக்குமளவுக்கு அந்தக் கோபம் போதவில்லை.

“துணியை அதிலை விட்டது நான் மூப்பர். என்ரை பிழை,” என்றாள்.

சிமியோன் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குச் சுருவத்தை எடுக்க ஆட்கள் வருவார்கள் என்றார். முகம் சரியில்லையென்றால் மாதாவின் படமொன்றை வைத்துக் கொடியேற்றலாம் என்றார். படலையில் நின்று கடைசியாக ஒன்று சொன்னார்.

“இனி ஒரு சுருவமும் ஊரிலை ஒருத்தற்ரை வீட்டுக்கும் போகாது. வீடு வீடுதான், பிள்ளை.”

வியாழக்கிழமை எமில்ராஜ் கடலுக்குப் போகவில்லை. வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு, செபமாலையோடு வந்தவர்களை எல்லாம் மரியாதையாகத் திருப்பி அனுப்பினான். உள்ளே ஜெயனி அரத்தாளால் கருகலைத் தேய்த்தாள், பொருக்கைச் சுரண்டினாள், பள்ளத்தை நிரப்பினாள். இனாமல் வர்ணம் காய ஒரு நாள் பிடிக்கும். ஆகவே முகத்தை மட்டும் அக்ரிலிக்கில் போட முடிவெடுத்தாள். அது சீக்கிரம் காயும், நெருப்புக்கும் அவ்வளவு பயமில்லை. இதை முதலே செய்திருக்கலாம் என்ற எண்ணம் வேறு அவளைத் தின்றது. கோடு பிசகிய ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷை வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்க் கையை உதறிவிட்டு வந்தாள்.

பழைய முகத்தைப் பார்த்து வரையவும் வழியில்லை. ஊரில் எல்லோருடைய தொலைபேசியிலும் மாதாவின் படம் இருந்தது. எல்லாம் திருநாள் படங்கள். மாலையும் மின்குமிழும் தெரிந்தன, முகம் ஒரு புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தது. மாலையில் முகம் முடிந்தபோது அது அழகான முகமாகத்தான் இருந்தது. எமில்ராஜ் நன்றாக இருக்கிறது என்றான். அவன் சும்மா சொல்கிற ஆளல்ல. இருந்தாலும் அவளுக்கு எங்கோ உதைத்தது. எங்கே என்று பிடிபடவில்லை. நின்று பார்த்தாள், கிட்டப் போய்ப் பார்த்தாள், வாசலிலிருந்து பார்த்தாள். கண்கள் நேரே அவளைத்தான் பார்த்தன.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் படலையில் பெர்னடெட் மாமி நின்றார். திரியும் இல்லை, நெருப்புப்பெட்டியும் இல்லை, வெறுங்கை. எமில்ராஜ் என்ன செய்வதென்று தெரியாமல் உள்ளே திரும்பிப் பார்த்தான். விட வேண்டாம் என்று சொல்லத்தான் ஜெயனி வாய் திறந்தாள். மாமியின் கண்ணைப் பார்த்ததும் வேறு சொல் வந்தது.

“வாங்கோ மாமி.”

மாமி உள்ளே வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. பழக்க தோசத்தில் வாசலோரம் முழந்தாளிட்டு நிமிர்ந்து மாதாவைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஜெயனிக்கு அந்த நேரம் பள்ளிக்கூடத்தில் சோதனை மறுமொழிக்குக் காத்திருந்த மாதிரி இருந்தது.

“பிள்ளை, மாதா என்னைப் பாக்கேல்லை.”

ஜெயனிக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. எரித்ததும் நீ, இப்போது குற்றம் சொல்கிறதும் நீயா என்று கேட்க வந்தாள். கேட்பதற்குப் பதிலாக, பொய்யென்று காட்டுவதற்காகவே மாமிக்குப் பக்கத்தில் தானும் முழந்தாளிட்டாள். நிமிர்ந்தாள்.

மாதா அவளைப் பார்க்கவில்லை. அவளுடைய தலைக்கு மேலால், திறந்திருந்த கதவுக்கு மேலால், கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா.

அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். முன்னறைக் கூரை பதிவு. எமில்ராஜ் நிமிர்ந்து நின்றால் தலை வளைமரத்தில் இடிக்கும். மூன்று கிழமையும் சுருவம் ஒரு மீன்பெட்டியின் மேல்தான் நின்றது, அவளுடைய கண்ணுக்கு நேரே. அவள் நின்றபடியே கண் வரைந்தாள். அந்தக் கண்கள் நிற்கிறவளைப் பார்த்தன. கோவிலிலோ மாதா பீடத்துக்கு மேலே, பத்தடி உயர மாடத்தில் இருப்பா. சனம் கீழே முழந்தாளில் இருக்கும். படகின் முகப்பில் நேருக்கு நேர் நின்று வரைந்து பழகிய கை, மாடத்தை மறந்துவிட்டது. எரிந்த முதல் முகத்திலும் இதே பிழைதான். எரியாமல் இருந்திருந்தால் இன்று மாலை மாதா கொடியேற்றத்துக்கு வந்த சனத்தை விட்டுவிட்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பா. அந்த நெருப்புக்கு நன்றி சொல்ல வேண்டிய கட்டாயம் ஜெயனிக்குப் பிடிக்கவேயில்லை.

“முந்தி எப்பிடிப் பாக்கிறவ மாமி?”

மாமி யோசிக்கவில்லை. “கோவிலிலை நான் இருக்கிற இடத்திலை இருந்தா, என்ரை முகத்தை. கொஞ்சம் இமை தாழ்ந்திருக்கும். நித்திரை முழிச்ச ஆள் மாதிரி.”

பதினொரு வருடம் ஒரே இடத்திலிருந்து பார்த்த கண். ஊரில் எவருடைய தொலைபேசியிலும் இல்லாத படம் இந்த மனுசிக்குள் இருந்தது.

ஆனால் பதிந்த கூரைக்குள் வைத்துப் பத்தடி உயரத்திலிருந்து பார்க்கிற கண்ணை எப்படி வரைவது? மூன்று மணிக்கு இன்னும் ஆறு மணித்தியாலம் இருந்தது. எமில்ராஜ் பின்பக்கம் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். அங்கே தண்ணீர்த் தாங்கி நின்ற இடம் இருந்தது. போன வருடம் தாங்கி வெடித்துக் கழற்றிய பிறகு, நாலு தூணும் மேலே ஒரு கொங்கிறீற் தட்டும் சும்மா நின்றன. ஒன்பதடி உயரம். அவன் கை நீட்டிக் காட்டினான். சோளகம் வீசும் நேரத்தில், ஊர் மாதாவை, வேலிக்கு மேலால் எல்லோரும் பார்க்கத் தண்ணீர்த் தாங்கித் தட்டில் ஏற்றுவதா என்று ஜெயனி கேட்டாள். வேறு வழி இருந்தால் சொல்லச் சொன்னான் அவன்.

பக்கத்து வீட்டு றோயைக் கூப்பிட்டார்கள். எமில்ராஜோடு ஒரே படகில் போகிறவன், கதை குறைந்தவன். சுருவத்தைப் பாயால் சுற்றி, எஞ்சின் தூக்குகிற கப்பியில் படகுக் கயிற்றைக் கட்டி, அங்குலம் அங்குலமாக மேலே எடுத்தார்கள். பாதி வழியில் ஒரு வீச்சுக் காற்று வந்து சுருவத்தைத் தூணோடு மோத வைத்தது. மாமி கண்ணை மூடினார். பாய்தான் காப்பாற்றியது. மேலே நிமிர்த்தி, இடுப்பில் சுற்றிய கயிற்றை நாலு தூணிலும் இழுத்துக் கட்டினார்கள். கயிற்றின் ஒரு தலைப்பை எமில்ராஜ் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டான், நங்கூரம் பிடிக்கிற மாதிரி.

மாமி கீழே மணலில் முழந்தாளிட்டார். ஜெயனி ஏணியில் ஏறினாள். ஏணியை றோய் பிடித்தான். அவளுக்கு மேலேயிருந்து எதுவும் தெரியாது. மாமிதான் கண்.

“கீழை... இன்னும்... காணாது பிள்ளை. இமையை இறக்கு.”

ஒரு மயிரிழை போட்டாள். காற்றே காய வைத்தது. மாமி தலையசைத்தார், இல்லை என்று. அழித்தாள். திரும்பப் போட்டாள். ஏணி ஆடும்போது பிரஷ்ஷை வாயில் கவ்விக்கொண்டு தட்டைப் பிடித்தாள். கருமணி ஒரு நெல்லளவு கீழே வந்தால் போதும், இரண்டு நெல்லளவு வந்தால் மாதா தன் காலையே பார்ப்பா. வலது கண் சரியாக வந்தபோது இடது கண் அதோடு ஒத்துவரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் தலைகள் முளைக்கத் தொடங்கின. மாதாவைக் கயிற்றால் கட்டி வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி அவளுடைய பிரஷ்ஷை விட வேகமாக ஒழுங்கையைக் கடந்தது.

இடது கண்ணின் கடைசித் தீற்றலில் அவள் நிற்கும்போது படலை அடிபட்ட சத்தம் கேட்டது. மூப்பர் சிமியோன் வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டியபடி, மூச்சிரைக்க, எழுபது வயது உடம்பு கொள்ளாத கோபத்தோடு வந்தார். எமில்ராஜ் கயிற்றை விட முடியாது, றோய் ஏணியை விட முடியாது, ஜெயனி திரும்ப முடியாது. அவர்களை யார் என்ன செய்தாலும் தடுக்க ஆளில்லை.

“என்ன வேலையடா உது,” என்று தொடங்கியவர் நாலடி முன்னே வந்து, அண்ணாந்து பார்த்தார்.

அதற்குப் பிறகு சத்தம் வரவில்லை. ஜெயனி காத்திருந்தாள். முதுகுப்பக்கம் என்ன நடக்கிறதென்று தெரியாமல் நிற்பது அவளுக்கு நெருப்பை அணைத்த அந்த நிமிடத்தை விடக் கொடுமையாக இருந்தது. மெல்லத் தலையைத் திருப்பினாள். சிமியோன் மாமிக்குப் பக்கத்தில் மணலில் முழந்தாளில் இருந்தார். தோள் சால்வை கையில் இருந்தது. சண்டைக்கு வந்தவரைத் தாயார் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி ஒரு முகம்.

“மாமி, சரியோ?” என்று ஜெயனி கேட்டாள்.

“ஓம் பிள்ளை,” என்றார் மாமி. “பாக்கிறா.”

சொல்லிவிட்டு மாமி மூப்பர் பக்கம் திரும்பினார். இரண்டு நாளாக அடைத்து வைத்திருந்தது வெளியே வந்தது.

“மூப்பர், அண்டைக்குத் திரி கொளுத்தினது நான். அந்தப் பிள்ளை இல்லை.”

வேலிக்கு அந்தப் பக்கம் தலைகள் ஒன்றையொன்று பார்த்தன. ஜெயனி ஏணிப் படியை இறுக்கிப் பிடித்தாள். சிமியோன் மாமியைப் பார்க்கவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கேன் சொல்லுறாய், பெர்னடெட். மாதா பாத்துக்கொண்டுதானே நிண்டவ.”

வேலித் தலைகளுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். பிறகு கையூன்றி எழும்பி, முழங்கால் மணலைத் தட்டினார். ஏணியில் நிற்கிறவளை அப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். மூன்று மணிக்கு ஆட்கள் வருவார்கள், அதற்குள் மாதாவை மரியாதையாகக் கீழே இறக்கிவிடச் சொன்னார். படலை வரைக்கும் போனார். முன்னறை யன்னலுக்குள் எட்டி, வளையையும் தகரத்தையும் ஒரு நோட்டம் விட்டார்.

“எமில், உந்தக் கூரை பதிவு. சூசையப்பர் சுருவம் மாதாவிலும் ஒரு அடி உயரம். வாற மாசிக்கு முதல் கூரையை உயத்து.”

போய்விட்டார். எமில்ராஜுக்குக் கயிறு கையை அறுத்துக்கொண்டிருந்தது, ஆனாலும் அவன் சிரித்தான். ஜெயனி ஏணியை விட்டு இறங்கி, கடைசிப் படியிலேயே இருந்துவிட்டாள். அழுகிறாளா என்று றோய் பார்த்தான். அழுதாள்தான், அதை மறைக்கவும் இல்லை.

பெர்னடெட் மாமி இன்னும் எழும்பவில்லை. மடியைத் தடவினார். அன்றைக்குத் திரி கொண்டுவரவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. ஜெயனி உள்ளே போய்க் குசினியில் கிடந்த ஒரு முழுத் திரியும் நெருப்புப்பெட்டியும் எடுத்து வந்தாள். தாங்கித் தட்டுக்குக் கீழே, காற்று மறைப்பாக நின்ற தூணோடு மணலில் குழி தோண்டித் திரியை நட்டாள். நெருப்புப்பெட்டியை மாமியின் கையில் கொடுத்தாள்.

சுருவத்தை இறக்கி, துடைத்து, மூன்று மணிக்கு ஆட்களிடம் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து பார்த்தபோதும் திரி எரிந்துகொண்டிருந்தது. மாமி பக்கத்தில் குந்தியிருந்தார். கொடியேற்றத்துக்கு மணி அடித்தது. திரி முடியும் வரைக்கும் ஜெயனியும் அவரோடு இருந்தாள்.